பினாங்கைத் தொடும் முன் கப்பலில் ஒரு காலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் மாலை ஐந்து மணி வாக்கில் கிளம்பி, மறுநாள் பிற்பகல் ஒன்று, இரண்டு மணிக்குப் பினாங்கு போய்ச் சேரும் உல்லாசக் கப்பல்களில் நம் ஊரிலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். நான் இந்த வழியில் மூன்று முறை போயிருக்கிறேன். அதில் ஒரு முறை எழுபத்து நான்கு வயது அம்மாவுடன். அடுத்து போகப்போகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் அந்த முதல் காலையைப் பற்றித்தான். எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், குமட்டுமா, போன் எடுக்குமா, எந்தப் பக்கம் நின்றால் என்ன தெரியும் என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கப்பலுக்குக் கப்பல் நேரமும் ஏற்பாடும் கொஞ்சம் மாறும். வழி ஒன்றுதான்.

காலையில் கண் விழிக்கும்போது கப்பல் எங்கே இருக்கும்?

மலாக்கா நீரிணையின் வடபாதியில். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு கடல்வழியாக ஏறக்குறைய 700 கிலோமீட்டர். கப்பல் மணிக்கு 33, 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும். நம் ஊர் டவுன் பஸ்ஸின் வேகம்தான், ஆனால் எங்கும் நிற்காமல் இரவு முழுக்க ஓடும்.

நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் உலகத்திலேயே நெரிசல் மிகுந்த கடல்பாதைகளில் ஒன்றைத் தாண்டியிருப்பீர்கள். ஆண்டுக்கு 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் இந்த நீரிணையில் போய்வருகின்றன. தென்பாதியில், நெடுஞ்சாலை மாதிரியே போக ஒரு பாதை, வர ஒரு பாதை என்று பிரித்திருக்கிறார்கள். கப்பல்கள் வலப்பக்கமாக ஓட வேண்டும். மலேசியத் துறைமுகமான போர்ட் கிள்ளானுக்கு வெளியே கடல் நடுவில் ஒன் ஃபேதம் பேங்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அந்தப் பகுதியோடு பாதைப் பிரிப்பு முடிந்துவிடும். விடியும்போது அதையெல்லாம் கடந்து, பேராக் மாநிலக் கரைக்கு வெளியே அகன்ற நீரில் இருப்பீர்கள்.

எத்தனை மணிக்கு எழுந்தால் நல்லது?

ஆறரைக்கு எழுந்து, ஆறே முக்காலுக்குத் திறந்த தளத்துக்கு வந்துவிடுங்கள். அங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழும். நம் ஊர்க் கணக்கில் ஐந்தரைக்கே எழுந்து போய் இருட்டில் காத்திருக்க வேண்டாம். 1982 ஜனவரி 1-ல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு சேர்த்துக்கொண்டது. சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. சூரியன் கடிகாரத்துக்கு இவ்வளவு பின்னால் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் முதல் பயணத்தில் இது தெரியாது. முந்தைய நாள் விமானம், வரிசை, பெட்டி என்று அலைந்த களைப்பில் ஒன்பதரை வரை தூங்கி, எழுந்ததும் சாப்பாட்டு வரிசையில் போய் நின்றேன். இரண்டாம் முறை அம்மா எழுப்பிவிட்டதால் மேலே போனேன். ஆறே முக்காலுக்கு அந்தத் தளத்தில் பத்துப் பேர்கூட இல்லை. ஒரு ஊழியர் கைப்பிடிக் கம்பியை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அடி அடியாகத் துடைத்துக்கொண்டே வந்தார். ஏன் என்று கேட்டேன். ராத்திரி படிந்த உப்பு என்றார். துடைக்காத பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், பிசுபிசுவென்று இருந்தது; நாக்கில் வைத்தால் உண்மையாகவே உப்பு. கீழே கடல் இன்னும் கறுப்பு. தூரத்தில் வெளிச்சம் கட்டிய மீன்பிடிப் படகுகள் ஏழெட்டு. கிழக்கு வெளுக்க வெளுக்க அந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்போதுதான் தண்ணீரின் நிறம் தெரிந்தது. நீலம் இல்லை, சாம்பல் கலந்த பச்சை. ஆழம் குறைந்த கடல் என்பதால் அந்த நிறம்.

அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். ஒன்பது மணிக்கு மேல் அதே இடத்தில் பாட்டும் கூட்டமுமாக இருக்கும்.

எந்தப் பக்கம் நிற்பது?

வலப்பக்கம். கப்பலின் முன்பக்கத்தைப் பார்த்து நின்றால் உங்கள் வலது கைப்பக்கம். (நம் மீனவர்கள் முன்பக்கத்தை அணியம் என்பார்கள், பின்பக்கத்தை அமரம் என்பார்கள். அழகான சொற்கள், கப்பலில் சொல்லிப் பாருங்கள்.) கப்பல் வடமேற்காகப் போகிறது, ஆகவே சூரியன் வலப்பக்கம், சற்றே பின்னாலிருந்து எழும். மலேசியக் கரையும் அதே பக்கம். எட்டு, ஒன்பது மணி வாக்கில் செம்பிலான் தீவுகளும் அதையடுத்துப் பங்கோர் தீவும் வலப்பக்கம் தெரியும். மலாயில் செம்பிலான் என்றால் ஒன்பது. அதற்கப்புறம் கரை தாழ்ந்து, ஒரு சாம்பல் கோடு மாதிரி ஆகிவிடும். அது மாத்தாங் அலையாத்திக் காடு. 1900-களின் தொடக்கத்திலிருந்து முறையாகப் பராமரித்து வரும் காடு.

இடப்பக்கம் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு இருக்கிறது, ஆனால் கண்ணுக்கு எட்டாது. சரக்குக் கப்பல்களைப் பார்க்க ஆசையிருந்தால் அந்தப் பக்கம் போங்கள். எதிரே சிங்கப்பூர் நோக்கி வரும் எண்ணெய்க் கப்பல்களும், பெட்டி பெட்டியாக அடுக்கிய கண்டெய்னர் கப்பல்களும் அங்கேதான் தெரியும்.

பால்கனி இல்லாத உள் அறைதான் எடுத்தோம். எங்களுக்கு இந்தக் காலை வீணா?

இல்லவே இல்லை. பால்கனியில் ஒரு பக்கம்தான் தெரியும், மேல் தளத்தில் நாலு பக்கமும். உள் அறையில் ஒரே சிக்கல், விடிந்ததே தெரியாது. விளக்கை அணைத்தால் அமாவாசை இருட்டு. அலாரம் வைத்துக்கொண்டு படுங்கள். அறையில் உள்ள டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா காட்சி ஓடும் சேனல் பெரும்பாலும் உண்டு. அதைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டுத் தூங்கினால் அதுவே உங்கள் ஜன்னல்.

குமட்டுமா? வாந்தி வருமா?

மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான கடல். மேற்கே சுமத்ராவும் கிழக்கே மலேசியாவும் கரை கட்டியது மாதிரி நிற்பதால் பெரிய அலை உள்ளே வருவதில்லை. பெரிய கப்பல்களில் இருபுறமும் தண்ணீருக்கு அடியில் மீன் துடுப்பு போன்ற தகடுகள் நீட்டிக்கொண்டு ஆட்டத்தைக் குறைக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு மெல்லிய அதிர்வு மட்டும் தெரியும், தரைக்கு அடியில் மோட்டார் ஓடுவது மாதிரி.

சிலருக்குக் காலையில் தலை லேசாகச் சுற்றும். வெறும் வயிற்றில் இருப்பதும், குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அதை அதிகமாக்கும். வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள், இரண்டு பிஸ்கட் சாப்பிடுங்கள், இஞ்சி இருந்தால் கடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் மிகக் குறைவாக இருப்பது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில். அவோமின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் குமட்டல் தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். தொடங்கியபின் எடுத்தால் அவ்வளவாகப் பலன் இருக்காது. அதைச் சாப்பிட்டால் தூக்கம் வரும். கண் அழுத்தம், புரோஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் திடீரென்று காற்றும் மழையும் அடித்தது என்கிறார்களே, பயப்பட வேண்டுமா?

அதற்குப் பெயரே சுமத்ரா. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, சுமத்ரா மேலேயோ நீரிணை மேலேயோ இரவில் இடிமேகங்கள் வரிசை கட்டி, விடியும் முன்போ காலையிலோ கிழக்கு நோக்கி நகரும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசலாம். நம் கடற்கரைக்காரர்கள் மேல்காற்றைக் கச்சான் என்பார்கள். அந்தக் கச்சான் மழையையும் இடியையும் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

மூன்றாவது பயணத்தில் நான் இதைப் பார்த்தேன். மேற்கே வானத்தின் அடியில் ஒரு கறுப்பு விளிம்பு நேர்கோடாகத் தெரிந்தது. பத்து நிமிடத்தில் காற்று குளிர்ந்தது. ஊழியர்கள் ஓடி வந்து நாற்காலி மெத்தைகளைக் கட்டினார்கள், திறந்த தளக் கதவுகளுக்குக் குறுக்கே கயிறு போட்டார்கள். அப்புறம் கடலே தெரியவில்லை, கண்ணாடி முழுக்க வெள்ளை. கப்பல் ஆடியது என்று சொல்ல முடியாது, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிமிர்ந்தது. ஊழியர் உள்ளே போகச் சொன்னால் உடனே போய்விடுங்கள். படம் எடுக்க வாசலில் நிற்காதீர்கள். அந்தக் காற்றில் கனமான கதவு அறைந்தால் விரல் போய்விடும்.

போனில் மணி ஆறு, கப்பலில் ஏழு என்கிறார்கள். எது சரி?

கப்பல் நேரம்தான் சரி. சுமத்ராவின் நேரம் மலேசியாவை விட ஒரு மணி நேரம் பின்னால். வழியில் உங்கள் போன் இந்தோனேசியக் கோபுரம் ஒன்றைப் பிடித்துவிட்டால், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். இது சின்ன விஷயம் இல்லை. மதியம் கூடுமிடத்துக்குப் பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருந்தால் நீங்கள் பன்னிரண்டரைக்குப் போய் நிற்பீர்கள். முந்தைய இரவே தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு, சிங்கப்பூர் நேரத்தைக் கையால் வையுங்கள். பினாங்கிலும் அதே நேரம்தான். கைக்கடிகாரம் இருந்தால் இன்னும் நல்லது.

ஊருக்குப் பேச நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவும் இலங்கையும் இரண்டரை மணி நேரம் பின்னால். கப்பலில் காலை ஏழு என்றால் வீட்டில் நாலரை.

போன், இணையம் கிடைக்குமா?

கப்பலுக்கென்றே செயற்கைக்கோள் வழியாக ஒரு செல்போன் வலையமைப்பு இருக்கிறது. உங்கள் போன் தானாக அதில் சேர்ந்துகொண்டால் பில் எகிறும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போட்ட ரோமிங் பேக் இதற்குப் பொருந்தாது. கப்பல் கிளம்பியதும் ஏர்பிளேன் மோடில் போட்டு, வேண்டுமானால் கப்பலின் வைஃபையைக் காசு கொடுத்து வாங்குங்கள். கரைக்கு வந்தபின் ரோமிங்கைத் திறந்தால் போதும்.

காலைச் சாப்பாட்டுக்கு எங்கே போவது? சைவம் கிடைக்குமா?

இரண்டு வழி உண்டு. மேல் தளத்தில் பஃபே. கீழே உட்கார வைத்துப் பரிமாறும் பெரிய உணவுக்கூடம். எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை பஃபேயில் கால் வைக்க இடம் இருக்காது. ஏழரைக்கே சாப்பிடுங்கள், இல்லையென்றால் கீழே உள்ள உணவுக்கூடத்துக்குப் போங்கள். வெள்ளை விரிப்பைப் பார்த்து அதற்குத் தனிக் காசு என்று பலர் நினைத்துக்கொண்டு அங்கே போவதே இல்லை. காலைச் சாப்பாடு அங்கேயும் டிக்கெட்டில் அடங்கியதுதான், அம்மாவுக்கு அங்கேதான் நிம்மதியாக இருந்தது.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய. ஆகவே சைவக் கறி, பருப்பு, ரொட்டி, தயிர் பெரும்பாலும் இருக்கும். இட்லியும் சாம்பாரும் சில நாள் வரும், சில நாள் வராது; எதிர்பார்த்துப் போகாதீர்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களும் ஜைன உணவு வேண்டுபவர்களும் டிக்கெட் போடும்போதே சொல்லிவிட வேண்டும். காலையில் போய்ச் சொன்னால் அன்று மாலைக்குத்தான் செய்து தர முடியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். தட்டு எடுக்கும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வாசலில் ஊழியர் அடித்துவிடும் கிருமிநாசினி மட்டும் போதாது. கப்பல்களில் பரவும் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணமான நோரோவைரஸ் ஆல்கஹால் ஜெல்லுக்கு எளிதில் அடங்குவதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் அதைக் கழுவி வெளியேற்றும்.

அறையில் விளக்கேற்றிச் சாமி கும்பிடலாமா?

விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் எதுவும் கூடாது. கடலில் தீயைப் போல ஆபத்து வேறில்லை. துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியையும் எலெக்ட்ரிக் கெட்டிலையும் ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். அம்மா சின்ன முருகன் படம் ஒன்றைக் கண்ணாடி முன் வைத்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டார்.

குளியலறை எப்படி இருக்கும்?

சின்னது. கழிவறையில் கைப்பிடிக் குழாய் பெரும்பாலும் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் சொம்போ தண்ணீர் பாட்டிலோ பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கழிவை உறிஞ்சி இழுக்கும் அமைப்பு என்பதால் பொத்தானை அழுத்தினால் பெரிய சத்தம் வரும். மூடியை மூடிவிட்டு அழுத்துங்கள். காகிதம் தவிர வேறு எதையும் போட்டால் பக்கத்து அறைகளுக்கும் சேர்த்து அடைத்துக்கொள்ளும். குழாயில் வருவது நல்ல தண்ணீர்தான். துறைமுகத்தில் ஏற்றியதும் உண்டு, கடல்நீரிலிருந்து கப்பலிலேயே உப்பு நீக்கியதும் உண்டு.

காலையில் அபாய ஒலி கேட்டால்?

ஏழு குட்டை ஒலி, ஒரு நீண்ட ஒலி. அதுதான் எல்லோரும் கூடுமிடத்துக்கு வர வேண்டும் என்பதற்கான அடையாளம். அதற்கான பயிற்சி கிளம்பும் அன்றே முடிந்துவிடும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் கவிழ்ந்தபோது, புதிதாக ஏறியிருந்த பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்கப்புறம்தான் விதி இறுகியது. மறுநாள் காலையில் ஊழியர்களுக்கு மட்டும் பயிற்சி நடக்கலாம். அப்போது ஒலிபெருக்கியில் முன்கூட்டியே சொல்வார்கள்.

பாஸ்போர்ட், விசா விஷயத்தில் காலையில் என்ன செய்ய வேண்டும்?

காலையில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்; ஊரிலேயே செய்ய வேண்டியதுதான் அதிகம். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா 30 நாள் விசா இல்லாத அனுமதி கொடுத்து வருகிறது. கிளம்பும் சமயத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். பலர் மறப்பது சிங்கப்பூரை. கப்பல் பினாங்கு போய்விட்டுத் திரும்பும்போது நீங்கள் இரண்டாவது முறையாகச் சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். ஒரு முறை மட்டும் நுழையும் விசாவாக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை ஏறும்போதே வாங்கிக்கொண்டு நகல் தருவார்கள். அந்த நகலும் அறைக்கதவைத் திறக்கும் அட்டையும் இல்லாமல் கீழே இறங்க முடியாது. முந்தைய இரவு அறையில் வைக்கும் ஒற்றைத்தாள் அறிவிப்பில் எந்தத் தளத்தில், எத்தனை மணிக்கு என்று எல்லாம் இருக்கும். காபி குடித்துக்கொண்டே அதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

பினாங்கு நெருங்கும்போது என்னென்ன தெரியும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு இதைச் சொல்வதில்தான் ஆசை அதிகம்.

ஜார்ஜ் டவுன் நகரம் பினாங்குத் தீவின் கிழக்குப் பக்கம், தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருக்கும் கால்வாயை ஒட்டி இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் கப்பல் நேராக அதற்குள் நுழைந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முடியாது. தெற்குப் பக்கம் கடலின் குறுக்கே இரண்டு பாலங்கள் இருக்கின்றன: 1985-ல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம், 2014-ல் திறந்த 24 கிலோமீட்டர் பாலம். அந்தப் பக்கம் ஆழமும் போதாது. ஆகவே கப்பல் தீவின் மேற்குப் பக்கமாகவே மேலே போய், வடமேற்கு மூலையில் மூக்கா ஹெட் என்ற முனையைச் சுற்றிக்கொண்டு, வடக்கு வாசல் வழியாக நகரத்துக்குள் இறங்கும். கோயிலை வலம் வருவது மாதிரி, தீவு முழுக்க உங்கள் வலது கைப்பக்கமே இருக்கும். காலையில் பிடித்த இடத்தை விட வேண்டியதே இல்லை.

முதலில் தெரிவது மலைதான், ஊர் அப்புறம்தான். பதினொரு மணிக்கு மேல் மேகத்துக்கு அடியில் நீலமாக ஒரு திட்டு, பிறகு அதில் பச்சை. உச்சி 833 மீட்டர். பினாங்குத் தமிழர்கள் அதைக் கொடிமலை என்பார்கள், முன்பு அங்கே கொடிக்கம்பம் இருந்ததால். மூக்கா ஹெட் முனையில் காட்டுக்கு மேலே வெள்ளையாக ஒரு கலங்கரை விளக்கம் நிற்கும். 1883-ல் கட்டியது. அதைத் தாண்டினால் பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையின் ஓட்டல்கள், அப்புறம் கடலோர அடுக்குமாடிகள், அவற்றுக்குப் பின்னால் கோம்தார் கோபுரம்.

மூக்கா ஹெட்டைச் சுற்றும் அந்தச் சமயம் மட்டும் இரண்டு நிமிடம் இடப்பக்கம் திரும்புங்கள். வடகிழக்கில், புகை மூட்டம் இல்லாத நாளில், தனித்து ஒரு மலை எழுந்து நிற்கும். குனோங் ஜெராய், 1,217 மீட்டர். கெடா மாநிலத்து மலை. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, பழைய கோயில் அடித்தளங்கள் கிடைத்த இடம். நாம் பள்ளிக்கூடத்தில் படித்த கடாரம் அது. 1025-ல் ராஜேந்திர சோழனின் படை வந்ததும், அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே நம் வணிகர்கள் வந்து இறங்கியதும் அந்தக் கரைக்குத்தான். வங்கக் கடலைத் தாண்டி வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே வழி காட்டியது அந்த மலை. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை சுமத்ராக் காட்டுத்தீயின் புகை வந்துவிட்டால் இது தெரியாமல் போகலாம்.

பக்கத்தில் ஒரு சின்னப் படகு வந்து ஒட்டிக்கொள்கிறதே, அது என்ன?

துறைமுகத்தின் வழிகாட்டி மாலுமி வருகிறார், பைலட். எவ்வளவு அனுபவமுள்ள கேப்டனாக இருந்தாலும் உள்ளூர்த் தண்ணீர் தெரிந்தவர் ஒருவரை ஏற்றிக்கொண்டுதான் உள்ளே போவார். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் படகிலிருந்து கயிற்று ஏணியில் கால் வைத்துக் கப்பலின் பக்கவாட்டுக் கதவுக்குள் ஏறிவிடுவார். மேலிருந்து எட்டிப் பார்த்தால் தலைக்கவசமும் மிதவை அங்கியும் மட்டும் தெரியும். அவர் ஏறியதும் கப்பலில் வெள்ளையும் சிவப்புமாகச் செங்குத்தாகப் பிரிந்த கொடி ஏறும். அதைப் பார்த்துவிட்டால் கரைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அந்தக் காலத்தில் நம்மவர்கள் வந்ததும் இதே வழிதானா?

கடைசிப் பகுதி இதேதான். சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிய கப்பல்கள் வங்கக் கடலைக் கடந்து, சுமத்ராவின் வடமுனைக்கு மேலாக வந்து, முதலில் தொட்ட துறைமுகம் பினாங்கு. அங்கிருந்துதான் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 1926-ல் கட்டிய ரஜுலா கப்பல் 1970-களின் தொடக்கம் வரை இந்த வழியில் ஓடியது. அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம், 1985-ல் அதில் தீ விபத்து நடந்ததோடு அந்தப் போக்குவரத்தும் நின்றுபோனது. ரஜுலாவில் பெரும்பாலானோர் தளப் பயணிகள். அறை கிடையாது, பாயை விரித்த இடம்தான் வீடு. தோட்டத் தொழிலாளர்களாக வந்தவர்கள் கரையேறும் முன் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டும் கிடந்திருக்கிறார்கள். அந்தத் தீவு ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே, பழைய பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அம்மாவின் அப்பா கல்யாணத்துக்கு முன்பே அப்படி நாகப்பட்டினத்தில் ஏறி வந்தவர். பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். ஆறு வருடம் கழித்து ஊர் திரும்பியவர் மறுபடி வரவில்லை. ஒரு தகரப்பெட்டி மட்டும் எங்கள் வீட்டில் இருந்தது. மூக்கா ஹெட் தாண்டும்போது அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா இந்த மலையத்தான்டா முதல்ல பாத்திருப்பாரு" என்றார். அப்புறம் கப்பல் கரையில் கட்டும் வரைக்கும் உட்காரவே இல்லை.

இறங்குவதற்கு முன் நேரம் இருந்தால் உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். தஞ்சாவூர், நாகை, இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் குடும்பங்களில் பினாங்கு போய்வந்த ஒருவர் அநேகமாக இருப்பார்.

கதவு திறந்ததும் இறங்கிவிடலாமா?

அவசரம் இல்லையென்றால் அரை மணி நேரம் பொறுங்கள். கப்பல் ஸ்வெட்டன்ஹாம் பையர் என்ற கப்பல்துறையில் நேராகக் கரையோடு கட்டுகிறது. படகு மாற வேண்டியதில்லை. கட்டி முடித்தபின்னும் அதிகாரிகள் அனுமதி கொடுக்கும் வரை யாரையும் விடமாட்டார்கள். அதற்குள் மாடிப்படி முழுக்க வரிசை நின்றுவிடும். மேலே நின்று, கப்பல் தன் மூக்கைத் திருப்பி அடியிலிருந்து சேற்றைக் கிளப்பிக்கொண்டு கரையோடு ஒட்டுவதைப் பார்த்துவிட்டு மெதுவாக வாருங்கள். கப்பல் மூலமாகச் சுற்றுலா வாங்கியவர்கள் மட்டும் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும்.

வயதானவர்களைக் கூட்டிப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

இறங்கு பாலத்தின் சாய்வு ஓதத்தைப் பொறுத்து மாறும். நீர் ஏறியிருந்தால் ஒரு மாதிரி, வடிந்திருந்தால் ஒரு மாதிரி. சக்கர நாற்காலி வேண்டுமானால் முந்தைய இரவே சொல்லிவைத்துவிடுங்கள். கதவுகளின் கீழே உயர்ந்த விளிம்பு இருக்கும், இரவிலும் விடியற்காலையிலும் அதில்தான் தடுக்கி விழுகிறார்கள். மாத்திரைப் பெட்டி கைப்பையில் இருக்கட்டும். கப்பல் மருத்துவமனையில் காசு அதிகம். பயணக் காப்பீட்டில் கப்பல் பயணமும் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் என்ன எடுத்துக்கொள்வது?

அறை அட்டை, பாஸ்போர்ட் அல்லது நகல், குடை, தொப்பி, கொஞ்சம் ரிங்கிட். பஃபேயிலிருந்து ஆப்பிள், வாழைப்பழம், சப்பாத்தி எதையும் பையில் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பழமும் சமைத்த உணவும் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. திரும்ப ஏற வேண்டிய நேரத்தைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, நீங்கள் ஏறியாக வேண்டிய நேரம் வேறு.

இறங்கி எவ்வளவு தூரம் நடந்தால் தமிழ் கேட்கும்?

பத்துப் பதினைந்து நிமிடம். துறைமுக வாசலைத் தாண்டியதுமே மணிக்கூண்டு. விக்டோரியா ராணி ஆட்சிக்கு வந்து 60 ஆண்டு ஆனதற்காக எழுப்பியது, உயரமும் 60 அடி. அதன் அருகே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-ல் பினாங்கை ஆங்கிலேயர் வசமாக்கிய பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம். அங்கிருந்து உள்ளே திரும்பி நடந்தால் குயின் ஸ்ட்ரீட்டில் 1833-ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில், அடுத்து மார்க்கெட் ஸ்ட்ரீட். கொத்தமல்லி வாசனையும் சேலைக் கடையும் நாதஸ்வரப் பாட்டுமாக இருக்கும். பகலில் சில மணி நேரம் கோயில் நடை சாத்தியிருக்கும். அப்படியானால் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு மாலையில் போகலாம்.

நாங்கள் போனபோதும் நடை சாத்தியிருந்தது. அம்மா வாசலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் பூ விற்றவரிடம் ஒரு முழம் மல்லிகை கேட்டார். அவர் அளந்துகொண்டே நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊரும்மா?" என்றார். "நாகப்பட்டினம்" என்றார் அம்மா. அந்தம்மா இன்னும் ஒரு சாண் சேர்த்து நறுக்கிக் கொடுத்தார்.